சங்கிலிவாள் மின்சாணை

செயின்சோவின் சங்கிலிப் பற்களைச் சுழலும் சாணைக்கல்லால் தீட்டும் மின்கருவி. கொழும்பில் இதையொத்த தச்சுக் கருவிகளையும் உதிரிப்பாகங்களையும் தேடுவோர், வெள்ளவத்தையிலிருந்தாலும் கொட்டாஞ்சேனையிலிருந்தாலும், பழைய சோனகத் தெருவின் ஹார்ட்வெயார் கடைகளுக்கே பெரும்பாலும் போவார்கள்.

வாங்கும்போது முதலில் மின்னழுத்தத்தைப் பார்க்க வேண்டும். இலங்கையின் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த 120 வோல்ட் கருவியை நேரே செருகினால் மோட்டார் எரிந்துவிடும். அடுத்தது கல்லின் தடிப்பு. அது சங்கிலியின் பிட்சைப் பொறுத்தது. அடுத்தடுத்த மூன்று ஆணிகளில் முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையிலான தூரத்தின் பாதியே பிட்ச். 0.325 அங்குலத்துக்கும் சிறிய வகை 3/8 அங்குலத்துக்கும் 3.2 மி.மீ. கல், சாதாரண 3/8 அங்குலத்துக்கும் 0.404 அங்குலத்துக்கும் 4.8 மி.மீ. கல்.

பல்லின் மேற்கோணம் பெரும்பாலும் 25 முதல் 35 பாகை. சரியான அளவைத் தயாரிப்பாளரின் குறிப்பேடு சொல்லும். மிகத் தேய்ந்த பல்லை முதலில் தீட்டி, மற்றவற்றை அதே நீளத்துக்குக் கொண்டுவர வேண்டும். நீளம் மாறினால் வெட்டு ஒருபக்கம் இழுக்கும். கல்லை அழுத்திப் பிடிப்பதுதான் வழக்கமான தவறு: பல் நீலமாகி, விளிம்பின் கடினம் போய்விடும். தொட்டுத் தொட்டு எடுப்பதே முறை. பல்லுக்கு முன்னுள்ள ஆழங்காட்டியையும் இடைக்கிடை அராவ வேண்டும். இதற்குத் தட்டை அரமே போதும்.

கண்ணாடி அணியாமல் இக்கருவியைத் தொடக்கூடாது. வெடித்த கல்லும் ஆகாது.