நோய் எவ்வளவு, சுவர் எவ்வளவு?

டிமென்ஷியா சரித்திரம் எழுதுற எல்லாரும் 1901-ல், ஜெர்மனியோட ஃப்ராங்க்ஃபர்ட் நகரத்துல இருந்துதான் ஆரம்பிப்பாங்க. அகஸ்டா டீட்டர்னு 51 வயசு அம்மா, மனநல மருத்துவமனையில சேர்க்கப்படறாங்க. அல்சைமர் என்கிற டாக்டர் கேள்வி மேல கேள்வி கேட்டு குறிச்சு வைக்கிறார். 1906-ல் அந்த அம்மா இறந்ததும் மூளை மைக்ரோஸ்கோப்புக்குப் போகுது. 1910-ல் நோய்க்கு டாக்டர் பேரு வந்தாச்சு. அதெல்லாம் சரி. எனக்கு ரொம்ப நாளா இருக்கிற கேள்வி வேற. அந்த அம்மா அஞ்சு வருஷம் இருந்த வார்டு எப்படி இருந்தது? வெளிச்சம் வந்ததா? கழிவறை எங்கேன்னு கண்ணுக்குத் தெரிஞ்சதா? மூளையைப் பார்த்த அளவுக்கு அறையை யாரும் பார்க்கலை.

அறையைப் பார்த்தவங்க கதை தனியா ஒண்ணு இருக்கு. அதைத்தான் இங்கே எழுதப் போறேன்.

1941-ல் யுவன் கேமரன் என்கிற மனநல மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். வயசானவங்க சில பேர் பகல் முழுக்க ஓரளவு நல்லா இருப்பாங்க. பொழுது சாய்ஞ்சதும் பதற்றம், அலைச்சல், "வீட்டுக்குப் போகணும்"னு அழுகை. (வீட்டுல இப்படி ஒருத்தர் இருந்தவங்களுக்கு இது நல்லா தெரியும். சாயங்காலம் ஆறு மணின்னாலே வயித்துல புளியைக் கரைக்கும்.) நாள் முழுக்க களைச்சுப் போனதால வருதுன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. கேமரன் அவங்களைப் பட்டப்பகல்ல ஒரு இருட்டறைக்குக் கூட்டிட்டுப் போனார். ஒரு மணி நேரத்துக்குள்ள அதே பதற்றம்! அப்போ காரணம் களைப்பு இல்லை, ராத்திரியும் இல்லை. இருட்டு. சுத்தி என்ன இருக்குன்னு கண்ணால அடிக்கடி பார்த்துக்கிட்டே இருந்தாத்தான் அவங்களால "நான் இங்கே இருக்கேன்"னு பிடிச்சு வச்சுக்க முடியுது.

இதே கேமரன்தான் பின்னாடி கனடாவில, மாண்ட்ரியலில் சி.ஐ.ஏ. பணத்தையும் வாங்கிக்கிட்டு நோயாளிகள் மேல கொடூரமான சோதனைகள் செஞ்சவர். இருட்டறைக்குக் கூட்டிட்டுப் போனதே எனக்கு நெருடலாத்தான் இருக்கு. ஆனா அதுல தெரிய வந்த விஷயத்தை ஒதுக்கவும் முடியலை.

அடுத்தது சிகாகோ. அங்கே ஒரு இல்லத்தை மூட வேண்டி வந்தது. இருந்தவங்க எல்லாரையும் வேற வேற இடத்துக்கு மாத்தினாங்க. நோய் முத்தினதால மாத்தலை, இல்லத்தை மூடறதால மாத்தினாங்க. அதனாலதான் இது ஆராய்ச்சிக்கு உதவுச்சு. ஆல்ட்ரிச், மெண்ட்காஃப்னு ரெண்டு பேர் 1963-ல் கணக்குப் போட்டுப் பார்த்தா, இடம் மாறின முதல் வருஷம் இறப்பு எதிர்பார்த்ததை விட அதிகம். அதுலயும் முதல் மூணு மாசம்தான் மோசம். மனநிலை ஏற்கனவே தடுமாறி இருந்தவங்கதான் அதிகமா போனாங்க. பின்னால வந்த ஆராய்ச்சிகள் எல்லாம் இதே முடிவைச் சொல்லலை. முன்கூட்டியே பழக்கி, தெரிஞ்ச சாமானோட, தெரிஞ்ச ஆளோட மாத்தினா பாதிப்பு குறையும்னு சொன்னவங்களும் உண்டு.

இதைப் படிச்சப்போ எங்க பெரியம்மா ஞாபகம்தான் வந்தது. ஆறு மாசம் பெரிய அண்ணன் வீடு, ஆறு மாசம் சின்ன அண்ணன் வீடுன்னு முறை வச்சுப் பார்த்தோம். நியாயமான ஏற்பாடுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. நியாயம் பிள்ளைகளுக்கு. பெரியம்மாவுக்கு ஒவ்வொரு தடவையும் பாத்ரூம் இருக்கிற திசை மாறிக்கிட்டே இருந்தது. இத்தனைக்கும் ரெண்டு வீட்டுலயும் அன்பாத்தான் பார்த்துக்கிட்டாங்க.

சரி, கட்டடத்துக்கு வருவோம். பவல் லாட்டன்னு ஒரு அமெரிக்க உளவியலாளர். 1968-ல் அவரும் இன்னொருத்தரும் சேர்ந்து ஒரு கருத்து சொன்னாங்க. ஒரு ஆளோட திறன் குறையக் குறைய, சூழல் அவரை ஆட்டிப் படைக்கிறது அதிகமாகும். நமக்கு லைட் ஸ்விட்ச் இடம் மாறினா ஒரு நிமிஷம் தடவுவோம், அவ்வளவுதான். அவங்களுக்கு அன்னைக்கு ராத்திரியே போச்சு. இதை வச்சு 1974-ல் ஃபிலடெல்ஃபியா முதியோர் மையத்துல ஒரு கட்டடம் வந்தது. ஆஸ்பத்திரி மாதிரி நீள நீள நடைபாதை கிடையாது. நடுவில பெரிய திறந்த கூடம், சுத்தி அறைகள். அறைக் கதவைத் திறந்தா சாப்பாட்டு மேசையும் மனுஷங்களும் கண்ணுல படணும். நம்ம ஊர் முற்றம் வச்ச வீட்டைத்தான் இவங்க கண்டுபிடிச்சிருக்காங்கன்னு சிரிச்சுக்கிட்டேன்.

1989-ல் ஒஹையோ மாநிலத்துல கொரின் டோலன் மையம்னு ஒண்ணு. ஒரே மாதிரி ரெண்டு பகுதி கட்டி, ஒண்ணை ஒண்ணோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. அங்கே செஞ்ச சோதனையில ஒண்ணு கழிவறை பத்தி. கழிவறை கண்ணுக்கு நேரா தெரியற மாதிரி இருந்தா அவங்களா எழுந்து போறாங்க. மூடி மறைச்சு வச்சா போறது குறையுது. "துணியிலேயே போயிடறார், நோய் முத்திடுச்சு"ன்னு சொல்றோமே, அதுல கொஞ்சம் நோய், கொஞ்சம் கதவு. எத்தனை பேர் மானத்தை ஒரு கதவு வாங்கியிருக்கும்னு யோசிச்சா கஷ்டமா இருக்கு.

இதே அறிவை வேற மாதிரியும் பயன்படுத்தினாங்க. வெளியே போயிடாம இருக்க, கதவுக்கு முன்னாடி தரையில கோடு கோடா டேப் ஒட்டிப் பார்த்தாங்க (1987). பள்ளம்னோ படின்னோ நினைச்சு சிலர் நின்னுடறாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு இன்னொரு குழு, கதவுப் பிடியை ஒரு துணியால மறைச்சாலே போதும்னு கண்டுபிடிச்சது. ஜெர்மனியில ட்யூசல்டார்ஃப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்து வாசல்ல பொய்யான பஸ் ஸ்டாப்பே வச்சாங்க. 2008 வாக்குல பெரிசா பேசப்பட்ட செய்தி அது. வீட்டுக்குக் கிளம்பறவங்க அங்கே உட்காருவாங்க. பஸ் வராது. கொஞ்ச நேரத்துல எங்கே கிளம்பினோம்ங்கிறதே மறந்துடும். ஊழியர் காபிக்குக் கூப்பிட்டா உள்ளே வந்துடுவாங்க. கட்டிப் போடறதை விட, மாத்திரை கொடுத்துத் தூங்க வைக்கிறதை விட இது எவ்வளவோ மேல். ஆனாலும் வராத பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஒருத்தரை ஜன்னல் வழியா பார்க்கிற மகனுக்கு எப்படி இருக்கும்? என்னால முழு மனசோட இதுக்கு சரின்னு சொல்ல முடியலை.

இந்த வாதம் இன்னும் பெரிசா எழுந்தது ஹோகவெய்க்ல. ஆம்ஸ்டர்டாம் பக்கத்துல வேஸ்ப் என்கிற ஊர்ல 2009-ல் வந்த டிமென்ஷியா கிராமம். திறந்தப்போ 23 வீடுகள், வீட்டுக்கு ஆறேழு பேர். கடை, தியேட்டர், பார், தெரு, தோட்டம் எல்லாம் உண்டு. உள்ளே எங்கேயும் போகலாம். வெளிவாசல் மட்டும்தான் காவலோட. எனக்குப் பிடிச்சது என்னன்னா, வீடுகளை வாழ்ந்த வாழ்க்கையை வச்சுப் பிரிச்சது. பழைய டச்சுக் காலனியான இந்தோனேசியாவில வாழ்ந்தவங்களுக்குன்னு, அந்த ஊர்ச் சமையலோட தனி வீடே வச்சாங்க. "ட்ரூமன் ஷோ மாதிரி நாடகம்"னு திட்டினவங்க உண்டு. நான் அதை ஏத்துக்கலை. கடையில நிஜமான காய்கறிதான் இருக்கு, அந்த வீட்டு அடுப்புக்குத்தான் போகுது. பஸ் ஸ்டாப் மாதிரி இல்லை இது.

கடைசியா வெளிச்சம். நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 12 இல்லங்கள்ல, 189 பேரை வச்சு மூணரை வருஷம் வரைக்கும் செஞ்ச ஒரு சோதனையோட முடிவை 2008-ல் வெளியிட்டாங்க. பாதி இடங்கள்ல பொதுக்கூடத்துக் கூரையில பகல் முழுக்க பளிச்சுன்னு விளக்கு. மத்த இடங்கள்ல வழக்கமான மங்கல் வெளிச்சம். பளிச்சுன்னு இருந்த இடங்கள்ல மனச்சோர்வு குறைஞ்சது, நினைவாற்றல் சரியறதும் கொஞ்சம் மெதுவாச்சு. கொஞ்சம்தான். நோய் நிக்கலை, அற்புதம் எதுவும் நடக்கலை. மாத்திரையில கிடைக்கிற அளவுக்கு ஒரு பலன், ட்யூப் லைட்ல கிடைச்சது. கேமரன் விளக்கை அணைச்சுப் பார்த்தார். இவங்க அதைப் போட்டுப் பார்த்து, தலை எண்ணி, முறையா அளந்த முடிவு 67 வருஷம் கழிச்சு வந்தது.