அஞ்சல்வழிச் சதுரங்க கிராண்ட்மாஸ்டர்

நேரில் அமராமல் கடிதம், மின்னஞ்சல், இணையம் வழியாகச் சதுரங்கம் ஆடுவோர் பெறும் உயர்ந்த பட்டம். உலக சாம்பியனுக்கு அடுத்த நிலை இதுவே. 1951இல் அமைந்த பன்னாட்டு அஞ்சல்வழிச் சதுரங்கக் கூட்டமைப்பு இதை வழங்கிவருகிறது.

பட்டம் 1953இல்தான் உருவானது. ஆட்டமோ தென்னாட்டுக்கு அதற்கு ஒன்றேகால் நூற்றாண்டு முன்பே வந்துவிட்டது. லண்டனும் எடின்பரோவும் 1824இல் கடிதத்தில் தொடங்கிய போட்டி 1828இல் எடின்பரோவின் வெற்றியோடு முடிந்தது. அதே 1828இல் சென்னையும் ஹைதராபாத்தும் இரண்டு ஆட்டங்களைத் தொடங்கின. ஹைதராபாத் நிஜாமின் தலைநகர். ரயில் இல்லாத காலம். ஓட்டக்காரர்கள் தோளில் சுமந்த தபால் பையில்தான் ஒவ்வொரு நகர்த்தலும் போய்வர வேண்டும். சென்னைத் தரப்பில் ஆடிய குலாம் காசிம், கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் காக்ரேனுடன் சேர்ந்து அந்த ஆட்டங்களையும் மூசியோ கேம்பிட் என்னும் தொடக்க முறை பற்றிய ஆய்வையும் 1829இல் சென்னையில் நூலாக்கினார். தாக்கப்பட்ட குதிரையை அப்படியே விட்டுவிட்டு, ஐந்தாவது நகர்த்தலில் ராணியின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளும் முறைக்கு இன்றும் அவர் பெயர்தான். சென்னையைச் சதுரங்க நகரம் என்று கொண்டாடுவோர் ஆனந்தைச் சொல்வதற்கு முன் இவரைச் சொல்ல வேண்டும்.

அஞ்சல்வழிச் சதுரங்கத்தின் முதல் உலக சாம்பியன், சிட்னியில் பத்திரிகை நடத்திய செசில் பர்டி (1953). அடுத்து வென்ற சோவியத் வீரர் ரகோசின், பெல்ஜியத்தின் ஓ'கெல்லி இருவரும் நேரடி ஆட்டத்திலும் கிராண்ட்மாஸ்டர்கள். பிற்காலத்தில் சுவீடனின் உல்ஃப் ஆண்டர்சனும் இரண்டு பட்டங்களையும் பெற்றார். 1965இல் தொடங்கிய ஐந்தாவது இறுதிப் போட்டியில் 16 ஆட்டங்களில் 14 புள்ளி எடுத்தவர் அமெரிக்காவின் ஹான்ஸ் பெர்லினர். பிறகு கணினி விஞ்ஞானியாகி, சதுரங்கம் ஆடும் இயந்திரங்களை வடிவமைத்தார். எஸ்டோனியாவின் டோனு ஒய்ம் முதன்முதலாக இருமுறை உலகப் பட்டம் வென்றவர்.

மொழி தெரியாத இருவர் ஆடுவதற்கு எண்முறை உதவியது. கட்டங்களின் நிரலுக்கும் வரிசைக்கும் ஒன்று முதல் எட்டு வரை எண். அஞ்சலட்டையில் 5254 என்று இருந்தால் ராஜா முன்னுள்ள வெள்ளைச் சிப்பாய் இரண்டு கட்டம் நகர்ந்திருக்கிறது. 5171 என்றால் வெள்ளை ராஜா தன் பக்கத்திலேயே கோட்டை கட்டிவிட்டார். பத்து நகர்த்தலுக்கு முப்பது நாள் என்பது வழக்கமான கெடு. தபால் வழியில் கழியும் நாள் இதில் சேராது. அதனால் போட்டிகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. பத்தாவது ஒலிம்பியாட் 1995இல் முடிந்தபோது தங்கம் வென்ற சோவியத் யூனியனும் வெண்கலம் வென்ற கிழக்கு ஜெர்மனியும் உலக வரைபடத்திலேயே இல்லை.

இப்போது ஆட்டங்கள் கூட்டமைப்பின் இணையதளத்தில் நடக்கின்றன. கணினி உதவிக்குத் தடையில்லை. எதிராளியிடமும் அதே வலிமையுள்ள கணினி இருப்பதால் உயர்மட்டப் போட்டிகளில் மிகப் பெரும்பாலான ஆட்டங்கள் சமனில் முடிகின்றன; பட்டத்துக்குத் தேவையான நார்ம் என்னும் தகுதிப் புள்ளிகளை எட்ட ஒரேயொரு வெற்றிக்காக மாதக்கணக்கில் ஒரே நிலையை ஆராய வேண்டியிருக்கிறது.