தேர்ச்சி இடைவெளியின் வேர் எங்கே?



தேர்வு முடிவுகள் வெளிவரும் காலங்களில் 'நம் இனத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது' என்னும் பேச்சு நம்மிடையே எழுகின்றது. வரலாறு இதற்கு வேறு விடை கூறுகின்றது.

1816ஆம் ஆண்டில் ஜார்ஜ் டவுனில் பினாங்கு இலவசப் பள்ளி தொடங்கப்பட்டது. அதன் கீழ் அமைந்த தமிழ் வகுப்பையே மலேசியத் தமிழ்க் கல்வியின் தோற்றமாகக் கொண்டு, 2016இல் இருநூற்றாண்டு விழா எடுத்தோம். எனினும் நம் முன்னோருள் மிகப் பலர் வாழ்ந்தது நகரத்தில் அன்று. செபராங் பிறையின் பத்து காவான், கலிடோனியா போன்ற கரும்புத் தோட்டங்களிலும், பின்னர் இரப்பர்த் தோட்டங்களிலுமே அவர்கள் உழைத்தனர்.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோதான் ஆசிரியர். பால்மரம் வெட்டும் கைகள் குறையாதிருக்க வேண்டுமென்பதே முதலாளிகளின் நோக்கம், மேற்கல்விக்கு வழியில்லை.

அதே காலத்தில், யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்று வந்த தமிழர்கள் மலாயாவின் இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் பணிபுரிந்தனர். இருவரும் பேசிய மொழி ஒன்றே. வாய்த்த பள்ளியும் வருமானமும் வேறு. ஆகவே இடைவெளியின் வேர் இனத்தில் இல்லை என்பது என் துணிபு.

1956இன் ரசாக் அறிக்கை தமிழ்ப்பள்ளியைத் தேசியக் கல்வி முறையில் சேர்த்தது. ஆயினும் இடைநிலைக் கல்வி தமிழில் தொடரவில்லை; மலாய்மொழியில் பின்தங்கியோர் புகுமுக வகுப்பில் மேலும் ஓராண்டைச் செலவிட நேர்ந்தது. தோட்டத் துண்டாடலால் குடியிருப்பை இழந்த குடும்பங்கள், நகர்ப்புறத்தில் வறுமையோடு புது வாழ்வு தொடங்கின.

2013இல் வெளியான மலேசியக் கல்விப் பெருந்திட்டமும் குடும்பப் பொருளாதார நிலையையே பெரும் இடைவெளியாகச் சுட்டியது. யு.பி.எஸ்.ஆர். தேர்வில் தமிழ்ப்பள்ளிகள் மற்றப் பள்ளிகளை நெருங்கி வந்ததையும் அது பதிவு செய்தது. 2021இல் அத்தேர்வு நீக்கப்பட்டது, வறுமை நீங்கவில்லை.

எனவே ஆசிரியர்களே, பின்தங்கும் மாணவனின் இனத்தை எண்ணாமல், அவன் காலையில் உண்டானா, வீட்டில் படிக்க இடமுண்டா என வினவுவோம். பெற்றோர்களே, தமிழோடு மலாய்மொழி அடிப்படையையும் ஆறாம் ஆண்டுக்குள் உறுதிப்படுத்துங்கள். 'நமக்கு வராது' என்னும் சொல்லைப் பிள்ளையின் செவியில் விழ விடாதீர்கள்.