நீக்கப்பட்ட ஊழியர் புகார் கொடுத்தால்: பினாங்கில் தொழில் செய்யும் வெளிநாட்டு முதலாளிகள் அறிய வேண்டியவை

தமிழகத்திலிருந்து வந்து ஜோர்ஜ்டவுனில் உணவகம் நடத்தும் ஒருவருக்குத் தொழிலியல் உறவு இலாகாவிலிருந்து கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சில வாரங்களுக்கு முன் நிறுத்தப்பட்ட ஊழியர், தகுந்த காரணமின்றித் தம்மை நீக்கிவிட்டதாகப் புகார் கொடுத்திருக்கிறார். "நான் இந்த நாட்டுக்காரன் இல்லையே" என்று அதை ஓரமாக வைப்பதுதான் முதல் தவறு.

முதலாளி எந்த நாட்டுக் குடிமகன் என்று சட்டம் பார்ப்பதில்லை. கடை சென்டிரியான் பெர்ஹாட்டாகப் பதிவாகியிருந்தால், எதிர்த்தரப்பு அந்த நிறுவனமே. அதன் பெயருக்கு வரும் கடிதங்கள் பதிவு முகவரிக்கு, பெரும்பாலும் கம்பெனி செயலாளரின் அலுவலகத்திற்குப் போகும். அங்கே அவ்வப்போது விசாரிப்பது நல்லது. முதலாளி வராவிட்டாலும் நீதிமன்றம் வழக்கை விசாரித்துத் தீர்ப்பளிக்க முடியும்.

சம்பளப் பாக்கி, கூடுதல் நேர வேலைக்கான பணம் போன்றவற்றை ஊழியர் தொழிலாளர் இலாகாவில் கோரலாம். வேலை நீக்கமே தவறு என்றால், 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின் கீழ் 60 நாள்களுக்குள் புகார் செய்ய வேண்டும். அந்தக் கெடுவைத் தவறவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்யும் நம்மவர்களும் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

முதலில் இலாகாவில் சமரசப் பேச்சு. அங்கே வழக்கறிஞர் வாதாட முடியாது. முதலாளி தாமே போகலாம், அல்லது முதலாளிகள் சங்க அதிகாரியை அனுப்பலாம். பல புகார்கள் இங்கேயே முடிந்தால் இரு தரப்புக்கும் நல்லது. முடியாவிட்டால், 2021 முதல் அமைச்சருக்குப் போகாமல், தலைமை இயக்குநரே தொழிலியல் நீதிமன்றத்திற்கு அனுப்பிவிடுகிறார்.

நீதிமன்றத்தில் நீக்கத்திற்கான காரணத்தை நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. ஸ்காட்லாந்தில் தோன்றிய நூல் நிறுவனமான ஜே அண்ட் பி கோட்ஸின் மலேசியக் கிளை சம்பந்தப்பட்ட வழக்கில், 1981இல் கூட்டரசு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: நிறுவனம் என்ன காரணம் சொல்லி நீக்கியதோ, அது நிரூபிக்கப்பட்டதா என்பதே கேள்வி. கடிதத்தில் "ஆள் குறைப்பு" என்று எழுதிவிட்டு, விசாரணையில் "திருடினார்" என்று சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று மட்டும் அனுப்பியவர் நிலை இன்னும் சிக்கல்.

எனவே வருகைப் பதிவு, எச்சரிக்கைக் கடிதங்கள், உள்விசாரணைக் குறிப்பு, சம்பளச் சீட்டு ஆகியவற்றைக் கடிதம் வந்த அன்றே எடுத்து வையுங்கள். உள்விசாரணை நடத்தாததால் மட்டுமே முதலாளி தோற்றுவிடுவதில்லை. ஆனால் அப்போது நீதிமன்றத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து நிரூபிக்க வேண்டியிருக்கும்.

ஆண்டு ஒப்பந்தம் போட்டிருந்தால் பயமில்லை என்பதும் தவறான எண்ணம். ஒப்பந்தம் தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டு, உண்மையில் நிரந்தர வேலையாகவே நடந்திருந்தால் நீதிமன்றம் அப்படியே பார்க்கும். ஏய்ம்ஸ் சைபர்ஜெயா வழக்கில் 2020இல் கூட்டரசு நீதிமன்றம் இப்படித் தீர்த்ததோடு, ஊழியர் வெளிநாட்டவரா என்பது பொருட்டல்ல என்றும் கூறியது.

தோற்றால் எவ்வளவு? நிரந்தர ஊழியருக்குப் பின்சம்பளம் அதிகபட்சம் 24 மாதம். சோதனைக் காலத்தில் இருந்தவருக்கு 12 மாதம். மீண்டும் வேலையில் சேர்க்காவிட்டால், வழக்கமாகச் சேவையாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம் சேரும். 2,500 ரிங்கிட் சம்பளத்தில் 6 ஆண்டு வேலை செய்தவர் என்றால் 60,000, அதனுடன் 15,000. நீக்கத்திற்குப் பின் அவர் வேறு இடத்தில் சம்பாதித்ததும், அவருடைய தவறும் கணக்கில் கழியலாம்.

தீர்ப்பில் உடன்பாடில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 14 நாள் மட்டுமே. அந்தச் சமயத்தில் ஊருக்குப் போக வேண்டியிருந்தால், புறப்படுவதற்கு முன்பே வழக்கறிஞரிடம் எழுத்துப்பூர்வமாகப் பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.