குப்பைமேட்டுக்குத் திரும்பிய கொக்குகள்

சென்னையில் அடையாறு கடலைத் தொடும் இடத்துக்கு அருகே, குயிபிள் தீவைச் சுற்றி வளைந்து கிடக்கிறது ஓர் உப்பங்கழி. ஓதம் ஏறும்போது கடல்நீர் உள்ளே வரும். வற்றும்போது சேறு வெளிப்படும். அந்தச் சேற்றுப் புழுவும் நண்டும்தான் வலசைப் பறவைகளுக்குச் சோறு.

சென்னையின் பறவை நோக்கர்கள் இங்கே வெகுகாலமாக நடந்தவர்கள். 1978இல் தொடங்கிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டியினருக்கு அடையாற்று முகத்துவாரம் பழகிய இடம். ஆற்றின் தென்கரையில் 1882 முதல் பிரம்மஞான சபையின் தோப்பு, வடக்கே இந்தக் கழி. மரப்பறவையும் நீர்ப்பறவையும் ஒரே காலையில் கண்ணில் படும்.

பிறகு கழி குப்பைமேடானது. கட்டட இடிபாடுகள் கொட்டப்பட்டன, சாக்கடை கலந்தது, ஆகாயத்தாமரை படர்ந்தது. 1990களில் விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

மீட்பு 58 ஏக்கரில் தொடங்கியது. இடிபாடுகளை அள்ளி, கழியை ஆழப்படுத்தி, ஓதநீருக்கு வழிவிட்டு, அலையாத்தியும் வறண்ட பசுமைமாறாக் காட்டு மரங்களும் நட்டார்கள். அந்த இடம் 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. நட்ட மரங்களைவிட, உள்ளே விடப்பட்ட அந்த ஓதநீரே பெரிய வேலையைச் செய்தது.

இன்று கரையோரம் மடையான் கொக்கு ஒன்று சேற்று நிறத்தில் சேறாகவே நிற்கும். காலடி கேட்டு எழும்பினால், பளீரென வெள்ளைச் சிறகு! வக்கா, நீர்க்காகம், மீன்கொத்தி எல்லாம் உண்டு.

போகிறவர்கள் விடியலில் போங்கள். மெதுவாக நடங்கள், சத்தம் போடாதீர்கள்.