சிலிக்கோன் தலையும் செம்பு முகமும்

சினிமாவில் வெட்டுப்பட்ட தலை ஒன்று உருண்டு வரும். தோல், மயிர்க்கால், கண்ணோரச் சுருக்கம் எல்லாம் அந்த நடிகரை உரிச்சு வெச்ச மாதிரி இருக்கும். எப்படிச் செய்றாங்கன்னு யோசிச்சிருக்கீங்களா? அதுக்குப் பின்னாடி அறுநூறு வருஷக் கதை இருக்குங்க.

உயிரோடு இருப்பவர் முகத்தில் அச்சு எடுக்கும் முறையை 1400 வாக்கில் இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி எழுதி வைத்திருக்கிறார். மூச்சு விட மூக்கில் பித்தளை அல்லது வெள்ளிக் குழாய். ராஜா, போப் என்றால் சாந்தைப் பன்னீரில் குழைக்கணுமாம். மத்தவங்களுக்கு வெதுவெதுப்பான தண்ணியே போதுமாம். அங்கேயும் பாகுபாடு பாருங்க :-)

1860-ல் சிகாகோவில் லியோனார்ட் வோல்க் என்ற சிற்பி ஆபிரகாம் லிங்கன் முகத்தில் அச்சு எடுத்தார். சுமார் ஒரு மணி நேரம் சாந்து முகத்திலேயே இருந்தது. கழற்றும்போது நெற்றிப்பொட்டு முடி சிலதும் கூடவே பிடுங்கிக்கிட்டு வர, மனுஷனுக்குக் கண்ணில் தண்ணி. 1865 பிப்ரவரியில் கிளார்க் மில்ஸ் இன்னொரு அச்சு எடுத்தார். ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஐந்து வருஷத்தில் உள்நாட்டுப் போர் ஒரு முகத்தை என்ன செய்திருக்கிறது என்று தெரியும்.

அடுத்தது முதல் உலகப்போர். பதுங்குகுழியிலிருந்து தலையைத் தூக்கியவர்களில் பலருக்கு மூக்கும் தாடையும் போயிற்று. 1918-ல் பாரிஸில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் துணையோடு அன்னா கோல்மன் லாட் என்ற பெண் சிற்பி அவர்களுக்கு முகமூடி செய்தார். முதலில் சிதைந்த முகத்தில் அச்சு. பழைய போட்டோவைப் பார்த்து, இல்லாத பாகத்தைச் செதுக்குதல். பிறகு மெல்லிய செம்புத் தகடு. அந்த ஆள் அதைப் போட்டிருக்கும்போதே வண்ணம் தீட்டுவார், மப்பு நாளுக்கும் வெயில் நாளுக்கும் நடுவாந்தரமான தோல் நிறத்தில். மூக்குக்கண்ணாடியில் மாட்டிக்கொண்டு அவர்கள் தெருவில் நடந்தார்கள். ஆனா செம்பு சிரிக்காதே!

அந்தக் குறையைத் தீர்த்தது சிலிக்கோன். (கம்ப்யூட்டர் சில்லு செய்யும் சிலிக்கான் வேற, இது ரப்பர் மாதிரி.) இப்போது தலை செய்ய, பல் டாக்டர்கள் அளவெடுக்கும் ஆல்ஜினேட்டை முகத்தில் பூசுகிறார்கள். கடல்பாசியிலிருந்து வருவது, சீக்கிரம் இறுகும், முடியைப் பிடுங்காது. மேலே மாவுக்கட்டு. அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்த தலையில் கண்கள் மூடியிருக்கும். அதைக் களிமண்ணில் திருத்தி, மறுபடி அச்சு எடுத்து, உள்ளே சிலிக்கோன். பிளாட்டினம் சிலிக்கோன் என்றால் கந்தகம் பக்கத்திலேயே வரக்கூடாது. கந்தகம் கலந்த களிமண் பட்டால் அந்த இடம் இறுகாமல் பிசுபிசுன்னே நிற்கும். சாதாரணப் பெயிண்ட் ஒட்டாது. நிறத்தையும் சிலிக்கோனிலேயே கலக்கணும். முடியை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தணும்.

இதே பொருளில்தான் இன்று புற்றுநோயிலும் தீயிலும் மூக்கு, காது இழந்தவர்களுக்குச் செயற்கை உறுப்பு செய்கிறார்கள். லாட் செம்பில் தேடியது இதைத்தான். அடுத்த முறை படத்தில் தலை உருண்டால் பயப்படுங்க, தப்பில்லை. கூடவே அந்தப் பாரிஸ் சிப்பாய்களையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க.