கூலிக்கு மாரடித்தல்

'மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்பவும்' என்கிற வரி தமிழ்ப் பத்திரிகைகளில் எத்தனை காலமாக அச்சாகி வருகிறது என்று யாராவது உட்கார்ந்து தேடிப் பார்க்கலாம். ஒரு பிரதி வந்தால் 'வரப்பெற்றோம்' பட்டியலோடு சரி. இரண்டு வந்தால் ஒன்று பத்திரிகைக்கு, மற்றது எழுதுகிறவருக்கு. அந்த இரண்டாவது பிரதிதான் அவருடைய கூலி. யாரும் அதைக் கூலி என்று சொல்வதில்லை என்பதுதான் அதன் சிறப்பு. நானும் இருபது வருஷத்துக்கு மேல் இந்தக் கூலிக்கு எழுதியவன். வீட்டுப் பரணில் இருக்கிற புத்தகங்களில் பாதி அப்படி வந்தவை.

காசு கொடுத்து எழுதச் சொன்னால் விமர்சனம் கெட்டுவிடும் என்பது நம் சிறுபத்திரிகைச் சூழலில் ஏறக்குறைய விவாதத்துக்கு அப்பாற்பட்ட நம்பிக்கை. சன்மானம் தருகிறவை வணிகப் பத்திரிகைகள். அங்கே எழுதுகிறவன் கூலிக்கு மாரடிக்கிறான். இங்கே எழுதுகிறவன் இலக்கியத்துக்காக எழுதுகிறான். இந்த எதிர்வை நானும் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். இப்போது அது அவ்வளவு சுலபமாக வாயில் வரமாட்டேன் என்கிறது.

அந்தச் சொலவடையையே எடுத்துக்கொள்வோம். இழவு வீட்டில் கூலிக்கு மாரடிக்கிறவள் யார்? ஒப்பாரியின் சொல்லும் ராகமும் கைவந்தவள். செத்தவரின் மகளுக்குத் துக்கம் நிஜம்தான். ஆனால் நாலு வரிக்கு மேல் தொண்டை அடைத்துக்கொள்ளும். விடிய விடியப் பாட்டை இழுத்துக்கொண்டு போகிறவள் கூலிக்கு வந்தவள். அவள் அழுகை பொய் என்று சொல்லும் இந்தச் சொலவடையைக் கட்டியவர் கூலி கொடுத்தவராகத்தான் இருக்க முடியும், வாங்கியவராக இருக்க முடியாது. உழைப்புக்குக் காசு வாங்குவதை இழிவாகப் பார்க்கும் இந்தக் கண் எந்தப் படிநிலையின் மேல்தட்டிலிருந்து பார்க்கிறது என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை.

மதிப்புரைக்குக் காசு கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஊகம் தேவையில்லை, வரலாறே இருக்கிறது. லண்டனில் 1749இல் ரால்ஃப் கிரிஃபித்ஸ் என்ற புத்தக வியாபாரி 'மன்த்லி ரெவ்யூ' என்ற பத்திரிகையை ஆரம்பித்தார். வெளிவருகிற புத்தகங்களையெல்லாம் கவனித்து மதிப்புரை போடுவது அதன் நோக்கம். எழுதியவர்களுக்குக் காசு உண்டு. 1757இல் ஆலிவர் கோல்ட்ஸ்மித் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். தங்க இடம், சாப்பாடு, ஒரு சம்பளம். கிரிஃபித்ஸும் அவர் மனைவியும் தன் எழுத்தில் கை வைக்கிறார்கள் என்பது கோல்ட்ஸ்மித்தின் மனக்குறை. சில மாதங்களிலேயே வெளியேறிவிட்டார். இதைவிடச் சுவாரசியமானது இன்னொன்று. ஜான் கிளீலண்டின் 'ஃபானி ஹில்' நாவலில் காசு பார்த்தவர் இதே கிரிஃபித்ஸ். 1750இல் அதன் வெட்டிக் குறைத்த பதிப்பு வந்தபோது அவருடைய பத்திரிகையே அதைப் பாராட்டி மதிப்புரை வெளியிட்டது. கடையும் என்னுது, தராசும் என்னுது.

நம் ஆட்கள் பயப்படுவது இதற்குத்தான். நியாயமான பயம். ஆனால் கதை இங்கே முடியவில்லை.

1802 அக்டோபரில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நாலு இளைஞர்கள் ஒரு காலாண்டிதழைக் கொண்டுவந்தார்கள். சிட்னி ஸ்மித் பாதிரியார். ஃப்ரான்சிஸ் ஜெஃப்ரி, ஃப்ரான்சிஸ் ஹார்னர், ஹென்றி புரூம் மூவரும் சட்டம் படித்தவர்கள். ஊரில் அதிகாரம் டோரிகளிடம். இவர்களோ விக் கட்சி அனுதாபிகள். ஜெஃப்ரிக்கு வழக்குகள் பெரிதாக வரவில்லை. சுருக்கமாகச் சொன்னால், நேரம் இருந்தது, கோபம் இருந்தது, காசு இல்லை. 'எடின்பரோ ரெவ்யூ'வின் ஆரம்ப இதழ்கள் முழுக்க இலவச உழைப்பு. எந்தச் சிறுபத்திரிகைக்காரருக்கும் பரிச்சயமான காட்சி.

இது நீடிக்காது என்று முதலில் கண்டுகொண்டவர் பாதிரியார்தான். பதிப்பாளர் ஆர்ச்சிபால்ட் கான்ஸ்டபிளுக்கு அவர் எழுதிய யோசனை: ஆசிரியருக்கு வருஷத்துக்கு 200 பவுண்ட், எழுதுகிறவர்களுக்குப் பாரத்துக்கு 10 கினி. பாரம் என்றால் நம் அச்சகங்களில் சொல்கிற அதே 16 பக்கப் பாரம். பழைய ரெவ்யூக்கள் கொடுத்ததைப் போல இது பல மடங்கு. பின்னால் குறைந்தபட்சத்தையே 16 கினியாக உயர்த்தினார்கள். சராசரி 20, 25 கினி வரை போனதாக ஜெஃப்ரி நினைவுகூர்ந்திருக்கிறார்.

காசைவிட முக்கியமானது அதைக் கொடுத்த விதம். சம்பளத்துக்குப் பத்திரிகை நடத்துகிறவன் என்று பெயர் வந்தால் வக்கீல் மானம் போய்விடுமே என்று ஜெஃப்ரியே தயங்கினார். கனவான்களுக்கும் அதே கூச்சம். இதற்கு அவர்கள் கண்ட வழி எளிமையானது: எழுதுகிற எல்லோரும் காசு வாங்கியே தீர வேண்டும். பிரபுவானாலும் சரி, அன்றாடங்காய்ச்சியானாலும் சரி, 'எனக்கு வேண்டாங்க' என்று பெருந்தன்மை காட்ட இடமில்லை. வேண்டாம் என்று சொல்கிற உரிமை ஒருவனுக்கு இருந்தால் வாங்குகிற இன்னொருவன் கைநீட்டுகிறவன் ஆகிவிடுகிறான். அந்த உரிமையைப் பிடுங்கியதில்தான் இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் இருக்கிறது. அளவும் ஷில்லிங்கில் இல்லை, கினியில். மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் கட்டணம் எண்ணுகிற நாணயக் கணக்கு அது. மானத்தைக் காப்பாற்ற ஒரு ஷில்லிங் கூடுதல். பவுண்டுக்கு 20 ஷில்லிங், கினிக்கு 21.

எழுத்து என்ன ஆயிற்று? 1808இல் வால்ட்டர் ஸ்காட்டின் 'மார்மியன்' என்ற நெடுங்கவிதை வந்தது. கான்ஸ்டபிள் அதற்கு ஆயிரம் கினி கொடுத்து உரிமை வாங்கியிருந்தார். ரெவ்யூவின் பதிப்பாளரும் அவரே. ஸ்காட் ரெவ்யூவில் எழுதுகிறவர், ஜெஃப்ரிக்கு நண்பர். கிரிஃபித்ஸ் கணக்குப்படி இங்கே புகழ்மாலைதான் வந்திருக்க வேண்டும். ஜெஃப்ரி கவிதையைக் கிழித்துத் தொங்கவிட்டார். அச்சான மதிப்புரையை ஸ்காட்டுக்கே அனுப்பிவிட்டு, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட விருந்துக்கு அவர் வீட்டுக்கே சாப்பிடவும் போனார். ஸ்காட் முகம் கோணாமல் உபசரித்தார். விடைபெறும்போது ஸ்காட்டின் மனைவி மட்டும், இதை எழுதினதுக்குக் கான்ஸ்டபிள் நல்லாவே காசு குடுத்திருப்பார்னு நம்பறேன் என்கிற பொருளில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். குத்தல்தான். ஆனால் அதில் ஒரு வரலாற்று உண்மையும் இருக்கிறது. கான்ஸ்டபிள் நல்லாவே கொடுத்தார்; தன் சொந்தச் சரக்கை உடைப்பதற்கும் அதே ரேட்டில் கொடுத்தார்.

கிரிஃபித்ஸும் காசு கொடுத்தார், கான்ஸ்டபிளும் காசு கொடுத்தார். ஆக வித்தியாசம் காசில் இல்லை. கொடுக்கிறவனுக்கும் எழுதுகிறவனுக்கும் நடுவே தனக்கென்று அதிகாரம் உள்ள ஓர் ஆசிரியர் நின்றார். பாராட்டினாலும் திட்டினாலும் விகிதம் ஒன்று. அந்தப் பணமும் கடைசியில் பத்திரிகை வாங்கியவர்களிடமிருந்து வந்தது. 1814 வாக்கில் சுமார் 13,000 பிரதிகள் விற்றன.

இந்தக் காசு ஒன்றையும் கெடுக்கவில்லை என்று சொன்னால் பொய். பாரக் கணக்கில் காசு என்றால் எழுத்து பாரக் கணக்கில் வளரும். முதல் இதழில் 29 கட்டுரைகள்; சில வருஷங்களில் பத்துச் சொச்சமாகிவிட்டது. ஒவ்வொன்றும் நீண்டது, புத்தகம் பேச்சை ஆரம்பிக்க ஒரு சாக்கானது. 1825இல் மெக்காலே மில்டனைப் பற்றி எழுதியது இந்த ரகம்தான். ஆனால் 'விமர்சனக் கட்டுரை' என்று நாம் இன்று சொல்கிற வடிவம் திரண்டதிலும் இந்தப் பாரக் கணக்குக்குப் பங்குண்டு, அதனால் முழுக்கக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. கொடூரம் வேறு விஷயம். பெயரில்லாமல் எழுதினார்கள், திட்டினால் இதழ் பேசப்பட்டது. இருபது வயது பைரனின் முதல் தொகுப்பைப் புரூம் 1808இல் நையாண்டி செய்ததும், 1814இல் வேர்ட்ஸ்வொர்த்தை ஜெஃப்ரி முதல் வரியிலேயே தீர்த்துக்கட்டியதும் இலக்கிய மதிப்பீடு மட்டும்தானா, விற்பனையும் சேர்ந்ததா என்று பிரிக்க முடியாது. அவர்களுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். வேறு நிலையான வருமானம் இல்லாத ஹாஸ்லிட் 1815இலிருந்து அங்கே எழுத முடிந்தது. 1827இலிருந்து தாமஸ் கார்லைல் எழுதினார். அவர் அப்பா கல் கொத்தனார். இலவசமாக எழுதுகிறவர்களின் சபையாகவே அது நீடித்திருந்தால் கொத்தனார் மகன் எத்தனை நாள் தாக்குப்பிடித்திருப்பான்?

எடின்பரோவில் யார் எழுதலாம் என்பதை ஆசிரியர் தீர்மானித்தார். அந்த ஆசிரியரே இல்லாமல், யார் வேண்டுமானாலும் எழுதலாம், காசும் உண்டு என்று ஆக்கினால்? இந்தச் சோதனை 1999இல் கலிஃபோர்னியாவில் நடந்தது. எபினியன்ஸ் என்ற இணைய நிறுவனம் கேமரா, கார், சலவை இயந்திரம், புத்தகம் என்று எதைப் பற்றியும் பொதுமக்களே மதிப்புரை எழுதலாம் என்றது. ஆரம்பத்தில் எத்தனை பேர் படிக்கிறார்களோ அதற்கேற்பக் காசு. பாரம் போய்ப் பார்வை அளவுகோலானது. படிக்கிறவர்களும் பெரும்பாலும் எழுதுகிறவர்களே என்னும்போது என்ன நடக்கும்? 'நீ என்னுதைப் படி, நான் உன்னுதைப் படிக்கிறேன்.' இந்த மொய்க் கணக்குக் குற்றச்சாட்டு அங்கே எழத்தான் செய்தது. பிறகு, ஒரு மதிப்புரை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க எவ்வளவு உதவியது என்பதை வைத்து வருமானத்தில் பங்கு என்று மாற்றினார்கள். கணக்கிடும் சூத்திரத்தை ரகசியமாக வைத்துக்கொண்டார்கள், யாரும் ஏமாற்றக் கூடாதென்று. பாராட்டுக்கும் திட்டுக்கும் ஒரே மதிப்பு என்கிற அளவில் இது கான்ஸ்டபிள் வழிதான். பொறுப்பான, நீளமான மதிப்புரைகள் அங்கே நிறையவே எழுதப்பட்டன. ஆனால் கேமராவுக்கு வருகிற கூட்டம் கவிதைத் தொகுப்புக்கு வராது. 2005இல் அதன் தாய் நிறுவனத்தை ஈபே வாங்கியது. 2014இல் எழுதுகிறவர்களுக்கான கதவைச் சாத்தியது.

அமேசான் வேறு வழியில் போனது. 1995இலிருந்து வாசகர் மதிப்புரை, காசு கிடையாது. 2007இல் தேர்ந்தெடுத்த சிலருக்குப் பொருளை இலவசமாகக் கொடுத்து எழுதச் சொல்லும் 'வைன்' திட்டம் வந்தது. அதற்கு வெளியே விற்பவர்கள் தாங்களாகவே இலவசப் பொருளைக் கொடுத்து எழுத வைப்பது பெருகி, புகழ்ச்சி பொங்கி வழிந்து, 2016இல் அதைத் தடை செய்தார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம்ம இரண்டாவது பிரதிதானே இது!

சிரிப்பு அடங்கியதும் தோன்றியது வேறு. நம் மதிப்புரை இலவசமே அல்ல. கூலி இருக்கிறது; அதைக் கொடுப்பவர் மதிப்பிடப்படுகிறவரே. எழுத்தாளர் கையெழுத்துப் போட்டு, 'அன்புடன்' என்று எழுதி, நேரில் கொண்டுவந்து தருகிற பிரதி. வாசகர் தருவதில்லை, பத்திரிகை தருவதில்லை. கிரிஃபித்ஸிடமாவது நடுவில் ஒரு கடை இருந்தது.

இன்னொரு கூலியும் உண்டு, அது கண்ணுக்குத் தெரியாதது. சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' ஆரம்பித்து 1970 வரை சொந்தப் பணத்தைக் கரைத்து நடத்தினார். தமிழில் விமர்சனம் என்று நாம் பேசுவதில் பெரும்பங்கு அங்கே காசில்லாமல் எழுதப்பட்டது, அதை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அப்போதும் பிறகும் சிறுபத்திரிகைகளில் எழுதிய எங்களில் பலருக்கு ஏதோ ஒரு அரசு அலுவலகமோ வங்கியோ கல்லூரியோ மாதாமாதம் சம்பளம் போட்டது. 'காசுக்காக எழுதாதவன்' என்கிற சொல்லாடலுக்கு அடியில் அந்தச் சம்பளம் இருந்தது. நான் வங்கிக்காரன்.

எனக்கு இது உறைத்தது ஓர் அச்சகத்தில். நாங்கள் நாலு பேர் ஒரு சிற்றிதழ் நடத்திக்கொண்டிருந்த சமயம். அங்கே வேலை பார்த்த இளைஞன் ஒருவன் மெய்ப்புத் திருத்தும்போது ஓரத்தில் எழுதி வைத்த குறிப்புகளைப் பார்த்து அசந்துபோய், ஒரு நாவலை நீட்டி, மதிப்புரை எழுதித் தரச் சொன்னேன். புத்தகத்தைப் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "அண்ணே, இதைப் படிக்க ஒரு ஞாயிறு, எழுத ஒரு ஞாயிறு. ஞாயித்துக்கிழமை ஓவர்டைம் பாத்தா வீட்டுக்கு அரிசி வரும். உங்களுக்கு மாசம் ஒண்ணாந்தேதி சம்பளம் வந்துருது, நீங்க எழுதுங்க." கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொன்னான்.

அன்று மாலை நாலு பேரும் ஆசிரியர் குழுக் கூட்டம் என்ற பெயரில் டீக்கடையில் சண்டை போட்டோம். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்றார் ஒருவர். பத்திரிகையின் ஆன்மா போய்விடும் என்றார் இன்னொருவர், அவர் பேராசிரியர். கடைசியில் இரண்டு ஞாயிறு ஓவர்டைம் என்ன வருமோ அதைக் கொடுப்பது, அந்த இதழில் எழுதுகிற எல்லோருக்கும் அதே தொகை, யாரும் திருப்பித் தரக் கூடாது என்று முடிவானது. எடின்பரோ பற்றி அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. காசு புரட்ட இதழ் இரண்டு மாதம் தள்ளிப்போனது.

மதிப்புரை வந்தது. ஆறு பக்கம். அவன் தானாகவே வேறொரு புத்தகத்தை எடுத்துக்கொண்டிருந்தான். பேராசிரியருடைய கட்டுரைத் தொகுப்பு. நாலாம் பக்கத்தில் மேற்கோள் பிழைகளை மட்டும் வரிசையாக அடுக்கியிருந்தான். பேராசிரியர் இரண்டு தடவை படித்தார். 'நாமதானே காசு குடுத்தோம்' என்றார். அப்படியே அச்சுக்குப் போனது. அடுத்த இதழுக்குப் பணம் சேரவில்லை.